கிரீம் பன்னும் என் அவசரமும்

என் தோழி கவிதா வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். டீ டைமில் கொடுக்கும் கிரீம் பன்னைத் தான் தின்னாமல் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். பாதி மகள் யாழினிக்கு, பாதி நாய் மணிக்கு. ஐந்து வயதிலேயே யாழினிக்கு நான்கு பல் சொத்தை. மணிக்குப் படியேறினால் மூச்சு வாங்கும்.

உணவு பற்றிக் கண்டதையும் படிக்கும் எனக்கு எத்தனை நாள்தான் வாய் சும்மா இருக்கும்? ஒரு சனிக்கிழமை, குழந்தை முன்னாலேயே கொட்டிவிட்டேன்.

"ஏன் கவி, இது தீனியா, வெசமா? நீயே ரெண்டையும் கெடுக்கறே!"

"போதுமுங்க டாக்டரம்மா, டீயைக் குடிங்க" என்று சிரித்து மழுப்பினாள்.

அடுத்த வாரம் போனேன். யாழினி பன்னைத் தொடவே இல்லை.

"வேண்டாம்மா. அது வெசம்னு சித்தி சொன்னாங்கல்ல?"

கவிதாவின் நீட்டிய கை அப்படியே நின்றது.

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்ல? இப்பப் பாரு, எம்புள்ள என்னைய நம்பமாட்டீங்குது" என்றாள் என்னிடம்.

அன்றோடு பன் நின்றது. பல்லுக்கு நல்லதுதான். மணிகூட இளைத்துவிட்டது. ஆனால் கவிதா இட்லியை ஊட்டினாலும், யாழினி முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் தலையாட்டுகிறேனா என்று. அப்போதெல்லாம் எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரிவதில்லை.