மூங்கில் சாய்ந்த பக்கம்

காலையில் கதவைத் திறந்தால் நம் ஊரில் கோலம் தெரியும். இங்கே கொடி தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் நாட்டுக்கொடி, பக்கத்திலேயே வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று பட்டை போட்ட பேராக் மாநிலக் கொடி, சீனர் மளிகைக் கடையில் ஒன்று, கட்சிக்காரர் வீட்டு வாசலில் ஒன்று. ஈப்போவிலிருந்து செமோர் போகும் சாலையில், ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய தாமானில் எங்கள் வீடு. தாமான் என்றால் ஒன்றும் பிரமாதமில்லை, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு. எழுபதுகளின் கடைசியில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். கணவர் இங்கேயே பிறந்தவர், அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் என் தையல் மெஷினும்தான். மனிதர் முகம் பழகுவதற்கு முன் எனக்குக் கொடிகள் பழகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொது மண்டபத்தில் கொடிப் பிரியர்கள் கூடுவார்கள். சிரிக்காதீர்கள், இப்படியும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. எந்த நாட்டுக் கொடியில் என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், காகிதத்தில் புதிதாக வரைவார்கள். தலைவர் சிற்றம்பலம், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வழி. "பிள்ளை, நல்ல கொடியெண்டால் காத்து இல்லாமல் தொங்கேக்கையும் இன்ன கொடியெண்டு தெரிய வேணும்" என்பார். கிழிசல் தைத்துக் கொடுக்கப் போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஒரு மணி நேரமாவது மனிதர் குரல் கேட்டது, வேறென்ன.

எங்கள் தாமானுக்கென்று ஒரு கொடி வேண்டும், யார் வேண்டுமானாலும் செய்து வரலாம் என்று அறிவித்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. என் கொடி தேறிவிட்டால் இந்த ஜனங்கள் என்னைத் தெரிந்துகொள்வார்கள், வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று ஓர் ஆசை. கணவரின் புது வேட்டியைப் பாதியாகக் கிழித்தேன். நடுவில் ஒரு ரப்பர் இலையைப் பச்சையில் தைத்தேன். ரப்பருக்கு ஒரு காம்பில் மூன்று இலை. தோட்டமும் ஆச்சு, மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று இனமும் ஆச்சு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டாமா? சனிக்கிழமை காலை மூங்கிலில் கோத்து, முச்சந்தியில் எங்கள் சந்தின் பக்கமாகச் சாய்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக் காக் யாம் வந்தார். மலாய்க்காரர், 'காக்' என்றால் அக்கா. தலையில் துணி போர்த்தி, கையில் ஒரு பொட்டலம் அரிசி. என் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே ஏதோ கேட்டார். எனக்கு அப்போது மலாய் சுத்தமாகத் தெரியாது. அவர் பின்னாலேயே, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் லெட்சுமி அக்கா, அவருக்குப் பின்னால் நாற்காலி தூக்கிக்கொண்டு நாலு ஆண்கள். கொடியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி ஓடித் தேநீர் ஊற்றினேன்.

"நல்லா இருக்காக்கா?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டேன்.

"என்னா கேக்குற நீ? பாடிய எங்க வச்சிருக்காங்க?"

"எந்தப் பாடி?"

லெட்சுமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, இந்தப் பொண்ணுக்குப் புத்தி பெசகிப் போச்சு லா!"

அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து நின்றது. இறங்கிய என் கணவரைக் கண்டதும் கூட்டம் அலறி எழுந்தது. அவர் நாற்காலிகளைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். "என்னா லா இது? என் வீட்ல யாரு செத்தா?"

அப்புறம்தான் விளங்கியது. இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முச்சந்தியில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். மூங்கில் எந்தச் சந்தின் பக்கம் சாய்கிறதோ அங்கேதான் சாவு வீடு. காக் யாம் அரிசி கொண்டு வந்ததும் அதற்குத்தான். காற்றில்லாத காலை, என் இலை மடிப்புக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது. நாற்காலி தூக்கி வந்தவர்களில் ஒருவரான சிற்றம்பலம் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அரிசியை யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த நாட்டுக்கு வந்து நான் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அதுதான். வீடு நிறைய ஆட்கள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டு போனபோது அழுகை வந்தது.

பச்சைத் துணியில் பெரிய வெள்ளை இலையாக மாற்றித் தைத்தேன், அதுவே தேறியது. எனக்குக் 'காக் பெண்டேரா', கொடி அக்கா, என்று பெயர் விழுந்தது. "இன்னிக்கு யாரு லா செத்தா?" என்று கேலி பேசிக் கையாட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே வருவதற்கு மட்டும் யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஊரிலிருந்து தந்தி வந்தது. அப்பா போய்விட்டார். தந்தி என் கைக்கு வருவதற்குள் எரித்தும் முடித்திருந்தார்கள். கணவர் ஜொகூர்ப் பக்கம் எங்கேயோ சாலையில் இருந்தார். நம் ஊரில் என்றால் சங்கு ஊதும் முன்பே தெரு கூடிவிடும், கட்டிப்பிடித்து அழ ஆள் இருக்கும். இங்கே யார் கதவைத் தட்டி, எப்படிச் சொல்வேன்? மீதிப் பாதி வேட்டியை எடுத்தேன். முன்பு கட்டிய அதே மூங்கிலில் கோத்து, அதே இடத்தில், எங்கள் சந்தின் பக்கம் சாய்த்துக் கட்டினேன்.

யாரும் வரவில்லை. "கொடி அக்கா, மறுபடியும் போட்டியா?" என்று வாசலோடு கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மத்தியானம் மழை அடித்து ஓய்ந்தது. அன்றைக்குப் போல நான் என்றைக்கும் அநாதையாக இருந்ததில்லை.

சாயங்காலம் காக் யாம் முச்சந்தியில் நிற்பதைப் பார்த்தேன். நனைந்த துணியின் நுனியைப் பிடித்து விரித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று என்னிடம் வந்தார்.

"காம்பார் தாக் அடா?" படம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் வெறும் துணியைக் கட்டுகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"பாப்பா" என்றேன், அப்பாவுக்கு மலாய் வார்த்தை அது. "இந்தியா." அவ்வளவுதான் எனக்கு வந்தது. அவர் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். லெட்சுமி அக்காவுக்குக் குரல் கொடுத்தார், நாற்காலிகள் வந்தன. பிறகு எழுந்து, இந்தியா எந்தப் பக்கம் என்று கையால் கேட்டார். சூரியன் இறங்கும் பக்கத்தைக் காட்டினேன். அவர்கள் தொழும் திசையும் அதுதான். நேரே போய் மூங்கிலை அவிழ்த்து, அந்தப் பக்கம் சாய்த்துக் கட்டினார்.

மறுநாள் காலை ரொட்டி விற்கும் பாய் சைக்கிளோடு முச்சந்தியில் திகைத்து நின்றார். மூங்கில் காட்டிய பக்கத்தில் சாக்கடையும், வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களும்தான். நான் வாசலுக்கு வந்தேன்.

"யாரும்மா மௌத்து? அந்தப் பக்கம் வீடே இல்லையே?"

"வீடு அங்கதான் பாய், ரொம்ப தூரம்" என்றேன். "அழுவுறதுதான் இங்க. உள்ள வாங்க."