தோல்ஷாப் சந்துக்குக் கழிப்பறை கேட்ட கதை

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலையில் முதலில் தொலைவது கோபம் என்பார்கள். எனக்கு அது ஒன்றுதான் கூடிக்கொண்டே போனது. அறக்கட்டளைப் படிவங்களை மூன்று பிரதிகளில் நிரப்பிக் கொடுத்து, "நாலாவது பிரதி எங்கே?" என்று கேட்கப்பட்ட சக துன்பவாசிகளே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசி. சமூகப்பணி முதுகலையில் களப்பயிற்சிக்காகத் திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். நகரங்களில் வசதி எட்டாத பகுதிகளுக்கு நிதி தருவதாகச் சென்னை அறக்கட்டளை ஒன்று அறிவித்திருந்தது. எங்களுக்கு வாய்த்தது தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் பின்னால் கிடந்த சந்து. அங்கே ஒரு வீட்டிலும் கழிப்பறை கிடையாது. ஆண்கள் நினைத்த நேரத்தில் ஓடைப்பக்கம் போவார்கள். பெண்கள் இருட்டும்வரை காத்திருப்பார்கள். காய்ச்சலோ, பிள்ளைத்தாய்ச்சியோ, காத்திருக்கத்தான் வேண்டும். இதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் கதை.

கோலமாவு மேப்

எங்கள் செயலாளர் சந்துக்குள் கால் வைக்கும் முன்பே விண்ணப்பத்தில் "தையல் பயிற்சி" என்று எழுதி வைத்திருந்தார். காரணம் எளிது. போன வருடம் வேறு ஊருக்கு எழுதிய விண்ணப்பம் அது; ஊர்ப்பெயரை மாற்றினால் போதும். "கேக்காமலே எப்படி சார் எழுதுறது?" என்று ஆரம்பித்தேன். "பொம்பளைகளுக்கு வேற என்னம்மா வேணும்?" என்றார். அரைமணி நேரம் வாதாடி, மக்களையே தரையில் மேப் போடச் சொல்லிக் கேட்பது என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன். அப்போது அது எங்கள் தொழிலில் புது முறை.

பெண்கள் கோலமாவை எடுத்து உட்கார்ந்தார்கள். வீடுகள் வந்தன, அடிபம்பு வந்தது, மாதா சொரூபம் இருக்கும் கெபி வந்தது, மாரியம்மன் கோயில் வந்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து, தன் வீட்டிலிருந்து ஓடைக்கரை முள்ளுக்காட்டுக்கு ஒரு கோடு இழுத்தாள். எல்லாக் கோடும் சேர்ந்த இடம் கைத்தண்டிக்குத் தடித்துவிட்டது. செயலாளர் அதன் மேலேயே நின்றுகொண்டு, "இது என்ன, மெயின்ரோடா?" என்று கேட்க, ஒரே சிரிப்பு. அவருக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை, தையல் மிஷின் கொடுத்தால் வேண்டாமா என்று கேட்டார். தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஆரோக்கியமேரி அக்கா மாவுக்கையை உதறிவிட்டுச் சொன்னார்:

"குடுங்க சார், யாரு வேணாங்குறா? ஆனா அவசரத்துக்கு மிஷின் மேல போயி உக்கார முடியாதுல்ல?"

விருந்தாளி வாராக

தண்ணீர்த் தொட்டியோடு பெண்களுக்குக் கழிப்பறை என்று புதிதாக எழுதி அனுப்பினோம். பார்வையிட அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. "எதையும் மாத்தாதீக, இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று வீடு வீடாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதிகாரி வரும் சனிக்கிழமை காலையில் போனால் வேறு சந்துக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். சுவரெல்லாம் சுண்ணாம்பு. வாசலெல்லாம் படிக்கோலம். குப்பைமேட்டைக் காணோம். சாக்கடை மேல் எங்கிருந்தோ கடப்பாக்கல் வந்து மூடியிருந்தது. கோயிலிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகள். சின்னாளபட்டிச் சுங்குடி கட்டி, தலை நிறையப் பூவோடு பெண்கள். பின்வாசலில் பிரியாணி தம்மில் இருந்தது. "அக்கா, இம்புட்டுப் பளபளன்னு இருந்தா யாரு நிதி தருவா?" என்று கத்தினேன். ஆரோக்கியமேரி அக்கா என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்:

"ஏந்தாயி, வாசலுக்கு வாரவுகளுக்கு நாறுற சாக்கடையவா காட்டச் சொல்ற? நாங்க இல்லாதவுகதான், மட்டுமருவாத தெரியாதவுக இல்ல!"

செத்த பொறுங்க

நான் பயந்தது அப்படியே நடந்தது. காரில் வந்து இறங்கிய அதிகாரி அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைவிட மோசமான இடங்கள் நிறைய இருக்கே" என்றார். "ஏழைன்னா அழுக்கா இருக்கணும்னு உங்க படிவத்துல எங்க மேடம் இருக்கு?" என்று நான் ஆரம்பிக்க, செயலாளர் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. அதிகாரி அம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். என் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

உபசாரம் மட்டும் நிற்கவில்லை. இளநீர், பன்னீர் சோடா, பிரியாணி, அது செரிக்க இரண்டு டம்ளர் மோர். மூன்று மணி வாக்கில் அதிகாரி அம்மா என் காதருகே வந்து, "பாத்ரூம் எங்கம்மா?" என்றார். ஆரோக்கியமேரி அக்காவைப் பார்த்தேன். அவர் கிண்டல் பண்ணவில்லை, சத்தியமாக. வீட்டுக்கு வரும் சொந்தக்காரிகளிடம் வழக்கமாகச் சொல்வதைத்தான் கரிசனமாகச் சொன்னார்:

"ஆறரைக்கெல்லாம் இருட்டிரும் மேடம். எல்லாருமாத்தான் போவோம், பயமில்ல. அதுவரைக்கும் செத்த பொறுத்துக்கங்க."

அப்பா பேர்

கார் பஸ் ஸ்டாண்டு லாட்ஜுக்குப் பறந்தது. ஆனால் ஏறும் முன் நோட்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். அடுத்த மாதமே அனுமதிக் கடிதம்! ஒரே ஒரு நிபந்தனை: அறக்கட்டளைக்குப் பணம் தரும் குடும்பத்துப் பெரியவர் பெயரைக் கட்டடத்தின் முகப்பில் பெரிதாகப் போட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தளம் போடும் நாளில் பெரியவரின் மகன் வந்தார். கொடை, சமத்துவம், விளம்பரம் என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியமேரி அக்கா அவரிடம் மரியாதையாக, "அப்பா பேரு என்னங்க தம்பி?" என்று கேட்டார். "சிங்காரம்" என்றார் அவர் பெருமையாக. அதற்கு அக்கா சொன்னதைக் கேட்டபின், பெயர்ப்பலகையே வேண்டாம் என்று மகன் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

"நல்ல பேருங்க. இனிமே எங்க புள்ளைக 'சிங்காரத்துக்குப் போயிட்டு வாரேன்'னு சொல்லும். நாங்களும் 'சிங்காரம் நாறுது, கழுவி விடுங்கடி'ம்போம். சம்மதந்தானே?"

திறப்பு விழா

ரிப்பன் வெட்ட ஒரு பிரமுகர் வருவதாக இருந்தது. பெண்கள் காத்திருக்கவில்லை. அவர் வந்தபோது ரிப்பன் ஓரமாகக் கிடந்தது. வாசலில் வாளிகளோடு வரிசை நின்றது. முதலில் போன ஆரோக்கியமேரி அக்கா ஈரக்காலோடு வெளியே வந்து, என் கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்தார். அப்புறம் பிரமுகர், செயலாளர், நான் யாரையும் சட்டை செய்யாமல் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"ஏட்டி, எல்லாரும் கேட்டுக்கங்க! பகல் பதினோரு மணி! பட்டப்பகல் பதினோரு மணி!"

இந்தத் தொழிலில் நான் சேர்த்த ஒரே சொத்து, எந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டால் ஜெயிப்போம் என்கிற அறிவுதான் என்று செயலாளர் சொல்கிறார், அதிலும் எனக்கு அவரோடு கொஞ்சம் தகராறு இருக்கிறது.