கொடைக்கானல் ஏறியபோது உப்பிய மாம்பழ டின்கள்

கொடைக்கானலுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரைக் கடைசியில், இருபத்து நான்கு மாம்பழ டின்களோடு நானும் என் மனைவி ஜைனம்புவும் போய்வந்த கதை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை, பிழைப்புக்காகப் போனோம்.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு கொட்டகையைப் பிடித்து, பழத்தையும் காயையும் டின்னில் அடைக்கும் கம்பெனி தொடங்கியிருந்தோம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அண்டா, கையால் சுற்றி மூடி போடும் ஒரு மெஷின், நாங்கள் இரண்டு பேர். ஜைனம்பு அரசாங்கப் பயிற்சி வகுப்பில் தொழில் கற்றவள். எனக்கு மெஷினைச் சுற்றத் தெரியும், கவலைப்படத் தெரியும். தெருவில் கூவிக் கூவிப் பழம் விற்கிற ஊரில் டின் பழத்தை யார் வாங்குவார்கள்? கொடைக்கானல் ஓட்டல் மேனேஜர் ஒருவர் மட்டும், சாம்பிள் நன்றாக இருந்தால் சீசன் முழுக்க எங்களிடமே எடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவும் கைவிட்டுப்போனால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

இந்தத் தொழிலில் பெரிய பயம் மூடி உப்புவது. உள்ளே சரக்கு கெட்டால் காற்றுக் கிளம்பி மூடியைத் தள்ளும். உப்பிய டின்னைக் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும், சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் சாம்பிள் டின்களை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தோம். தினமும் ஒவ்வொரு மூடியாகத் தடவிப் பார்ப்பேன். ஒன்றுகூட உப்பவில்லை.

காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறி, ஏழரைக்கு வத்தலக்குண்டு. இட்லி நன்றாக இருந்ததாக ஜைனம்பு சொன்னாள், நான் டின் கூடையை விட்டு நகரவில்லை. எட்டேகாலுக்கு மலை பஸ். நாற்பது மைல், ஆளுக்கு இரண்டு ரூபாய் சொச்சம், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காருவது நல்லது.

பாதி மலை ஏறியிருப்போம். சீட்டுக்கு அடியில் இருந்த கூடைக்குள் 'டொக்' என்றது. அடுத்த வளைவில் இன்னொரு 'டொக்'.

"என்ன பாய், கூடைக்குள்ள கோழி வச்சிருக்கீங்களா?" என்றார் கண்டக்டர்.

குனிந்து துணியை விலக்கினேன். மூடிகள் உப்பியிருந்தன. ஜைனம்பு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் மேலே வந்தது. கொடைக்கானல் போய்ச் சேருவதற்குள் எல்லா டின்னும் உப்பிவிட்டது.

மேனேஜர் நல்ல மனிதர். "இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க, ஒண்ணத் திறந்துதான் பாப்பமே" என்றார்.

"வேணாம் சார்," என்று ஜைனம்பு கூடையை இழுத்துக்கொண்டாள். "உங்க ஓட்டல்ல பிள்ளைகுட்டியோட வந்து தங்குறாக. இத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

சீசனுக்கு வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாக அவர் வருத்தத்தோடு சொன்னார். ஏரியைக்கூடப் பார்க்காமல் ஒரு மணி பஸ்ஸில் மலை இறங்கினோம்.

இறங்கும்போது மறுபடியும் 'டொக்', 'டொக்'. வெடிக்கப்போகிறது என்று காலை மடக்கி உட்கார்ந்தேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கூடையைத் திறந்தால், அம்புட்டு மூடியும் பழையபடி தட்டையாக இருந்தது. கெட்ட டின் தானாகச் சரியாகும் என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை.

ஜைனம்பு டீக்கடையில் கத்தியும் ஸ்பூனும் வாங்கி வந்து ஒரு டின்னைத் திறந்தாள். நல்ல வாசனைதான். ஆனால் வாசனையை நம்ப முடியாது.

"நீங்க சாப்டாதீங்க மச்சான். எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஒரு ஆள் வேணும்ல?" என்றபடி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் ஸ்பூனைப் பிடுங்கி இரண்டு துண்டு சாப்பிட்டேன். "கூறுகெட்ட மனுசா!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை.

விஷயம் பிறகுதான் விளங்கியது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். நாங்கள் விளிம்புவரை நிரப்பி, ஆறவிட்டு மூடியதால் பழத்துண்டுகளுக்கு இடையில் மாட்டிய காற்று மூடியைத் தள்ளியிருக்கிறது. சரக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த சீசன் போனது போனதுதான். அடுத்த வருடம் சூட்டோடு, கொஞ்சம் இடம் விட்டு மூடினோம்; ஆவி காற்றைத் தள்ளிவிட, ஆறியதும் மூடி உள்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. மேனேஜர் எடுத்துக்கொண்டார், கம்பெனியும் ஓடியது.

மலைக்குப் போகிறவர்களுக்கு: சிப்ஸ் பாக்கெட் உப்பினால் பயப்படாதீர்கள், கீழே வந்ததும் அடங்கிவிடும். கீழேயே உப்பியிருக்கிற டின்னை மட்டும் தொடாதீர்கள். எங்களைப் போலத் தின்றும் பார்க்காதீர்கள்.

அன்றைக்கு நான் தைரியமாகச் சாப்பிட்டதாக ஜைனம்பு கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பயத்தில்தான் சாப்பிட்டேன். அவள் இல்லாமல் தனியாகத் திண்டுக்கல் பஸ் ஏற எனக்குப் பயமாக இருந்தது.