இரணியல் ஏற்றம்

நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. சுற்றிச் சுற்றி வருவேன், சக்கரத்தை உதைப்பேன், பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பேன். என் மனைவியின் அண்ணன் இதற்கு நேர் எதிர். லாரி நின்றதும் இறங்கி, மீன் நிறைந்த ஓலைக் கடவங்களின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு, சாலையோரம் குத்தவைத்துப் பீடி பற்றவைப்பார். கடலில் காற்றுக்குக் காத்திருந்து பழகிய மனிதர். அவர் விடும் புகையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. நான் முட்டத்துக்காரன், ஆனால் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினாலே குடலைப் பிடுங்கும். அதனால் பட்டாளத்துக்குப் போனேன், லாரி ஓட்டப் படித்தேன், சண்டை முடிந்து திரும்பிக் கடியப்பட்டணத்தில் பெண் கட்டினேன். மச்சானுக்கு அங்கே சொந்த வள்ளம் இருந்தது. தலைச்சுமையாகத் தக்கலைக்குப் போகும் மீன் வெயிலில் வாடுவதைப் பார்த்து, லாரி வாங்கலாம் என்ற யோசனையைச் சொன்னவன் நான். அவர் இரண்டு நாள் வழக்கம்போல் கடலுக்குப் போய் வந்தார். பிறகு வள்ளத்தை விற்றுவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

வாங்கியது பட்டாளம் ஏலம் விட்டு, பல கை மாறி வந்த வண்டி. டீசல் என்று யாரும் சொல்லமாட்டோம், குரூடாயில் வண்டி என்போம். வாங்கும்போதே கிழடு. எண்ணெய்த் தொட்டியைக்கூட யாரோ பின்னால் சரக்கு ஏற்றும் தட்டின் மூலையில் தூக்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் முதலில் நன்றாகத்தான் ஓடியது. விடிகாலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் தக்கலைச் சந்தை. வளைவுகளில் எண்ணெய் சிந்தி மீனில் வாடை அடிக்கிறது என்று சந்தைப் பெண்கள் ஒருநாள் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிறகு அந்த வாடையும் எப்படியோ நின்றது. நின்றுபோன தொல்லையை யார் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்?

அதற்குப் பிறகுதான் புதுத் தொல்லை. மணவாளக்குறிச்சி தாண்டி வயல்வெளி வந்ததும் இஞ்சின் விக்கும். நான் மிதிக்க மிதிக்க இழுவை குறையும். அப்புறம் உயிர் போய்விடும். ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு போனால் இரணியல் ஏற்றத்தில் மறுபடியும் நிற்கும். தினமும் இதே கதை. சந்தைக்குப் போய்ச் சேரும்போது பாதி மீன் பூனைக்குத்தான் ஆகும்.

எண்ணெய் இஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. தொட்டியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன், எண்ணெய் இருக்கும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவேன். பம்பில் காற்று வெளியேறும் திருகைத் தளர்த்திக் கையால் அடித்தால் நுரை நுரையாக வரும். நுரை நின்று வெறும் எண்ணெய் வந்ததும் திருகை முறுக்குவேன். வண்டி கிளம்பிவிடும். ஆகையால் எங்கோ ஒரு மூட்டு காற்றை உறிஞ்சுகிறது என்று முடிவுகட்டி, குழாய் மூட்டுகளை எல்லாம் மாற்றினேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றது. நாகர்கோவில் பட்டறைக்காரர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பம்பு செத்துப்போச்சு. பம்ப மாத்து, இல்லேன்னா வண்டிய மாத்து" என்றார். இரண்டுக்கும் எங்களிடம் வழி இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, படுத்தால் கண்ணுக்குள் நுரைதான் பொங்கியது.

மனைவி என்னை விடவில்லை. "அண்ணனுக்கு வள்ளமும் இல்ல, வண்டியும் இல்லன்னு ஆச்சுன்னா, நா எந்த மொவத்த வச்சிக்கிட்டு அம்மெ வீட்டு வாசல்ல போய் நிக்கது?"

அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பதுதான் இன்னும் கொடுமை. காலையில் கடவம் ஏற்றியதும் கரைக்குப் போய், தன் பழைய வள்ளத்தை வாங்கியவன் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் ஹாரனை அமுக்கி அமுக்கிக் கூப்பிடவேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவரே வாயைத் திறந்தார். "மாப்பிள, தக்கலை இரும்புக் கடைக்காரரு இன்னைக்கு சந்தைக்கு வாறேன்னிருக்காரு. வண்டி இன்னைக்கும் நின்னா குடுத்துருவோம். இரும்பு வெலையாவது கிட்டும்."

மணவாளக்குறிச்சி தாண்டியதும், சொல்லி வைத்ததுபோல் நின்றது. நான் குதித்து இறங்கி, மூடியைத் திருகிக் குச்சியை விட்டேன். எண்ணெய் முக்கால் தொட்டி. "மீனு கண்ணு கலங்குது மாப்பிள" என்றார் மச்சான், அமைதியாக. அந்த அமைதிதான் என்னைக் கிளப்பிவிட்டது. கையில் இருந்த மூடியைப் பலம்கொண்ட மட்டும் வயலுக்குள் வீசினேன். அவர் மூடி போன திசையை ஒரு தடவை பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து, தொட்டியின் வாயில் போர்த்தி, கயிற்றால் கட்டினார். நான் காற்றெடுத்துக் கிளப்பினேன்.

இரணியல் ஏற்றம் வந்தது. இதோ விக்கும், இதோ விக்கும் என்று காத்திருந்தேன். விக்கவில்லை. பாதி ஏற்றத்தில் நான் மச்சானைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். உச்சிக்கு வந்துவிட்டோம். சந்தோஷப்படத் தோன்றவில்லை, பயமாக இருந்தது. நிற்கிற வண்டிக்காவது ஒரு காரணம் தேடலாம்.

சந்தையில் மீன் நிமிடத்தில் போனது. இரும்புக் கடைக்காரர் வந்து வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மச்சான், "மூடி இல்லாத வண்டிய விக்கப்பிடாது. எடுத்திட்டு வாறோம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். திரும்பும் வழியிலும் வண்டி நிற்கவில்லை.

வயல் சேற்றில் இறங்கி, கால் விரலால் துழாவியே மச்சான் மூடியைக் கண்டுபிடித்தார். வாய்க்காலில் அலசி என்னிடம் நீட்டினார். ஊர்ப்பட்ட அழுக்கு போனதும் அதன் நடுவில் ஒரு கறுத்த பொட்டு தெரிந்தது. முட்டத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? மூடியில் இருந்த சின்ன ஓட்டைக்குள் பஞ்சு திணித்து மேலே குங்கிலியம் பூசியிருந்தது. வள்ளத்தின் ஓட்டையை அடைக்கிற பக்குவம்.

"இது யாரு அடைச்சது?"

"நாந்தான். எண்ணெ சிந்துதுன்னு சந்தைப் பொம்பளைக ஏசினாவல்லா, அன்னைக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"ஓட்டைய அடைக்கதுக்கு யாராவது கேட்டுட்டா அடைப்பாவ?"

தேங்காயில் ஒரு கண்ணை மட்டும் துளைத்துக் கவிழ்த்தால் நீர் விக்கி விக்கி நின்றுவிடும். உள்ளே காற்றுப் போக வழி வேண்டும். தொட்டியும் அப்படித்தான். மூச்சு முட்டும்போது புது மூட்டின் இடுக்கு வழியாகக்கூடக் காற்றை இழுத்திருக்கிறது, அதுதான் நுரை. குச்சி விட நான் மூடியைத் திறந்தபோதெல்லாம் தொட்டி மூச்சுவிட்டிருக்கிறது. நானோ பம்பை அடித்ததால்தான் கிளம்பியது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆணி எடுத்துக் குத்தினேன். குங்கிலியம் பொடிந்து விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். குரல் இறங்கிவிட்டது.

"அப்பம் இத்தன நாளு மீனு அழுவினது என்னாலயா மாப்பிள?"

என் நாக்கு நுனியில் நிறைய இருந்தது. அவர் கையில் சேறு முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஆத்திரமா அழுகையா என்று தெரியாமல் சிரிப்புத்தான் வந்தது. அவர் மூடியை வாங்கி, உதட்டில் வைத்து ஊதினார். மறுபக்கம் உள்ளங்கையைப் பிடித்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார்.

"வள்ளத்துல ஓட்டை இருந்தா நாம போயிருவோம். இதுல ஓட்டை இல்லன்னா இது போயிரும்" என்றார். "கொள்ளாம் மாப்பிள, நல்ல சாதனம்."

இரும்புக் கடைக்காரரிடம் நாங்கள் போகவில்லை.

திங்கட்கிழமை காலை கடவம் ஏற்றியாகிவிட்டது. மச்சானைக் காணவில்லை. வழக்கம்போல் கரையில் நிற்பார் என்று ஹாரனில் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவருடைய பழைய வள்ளம் அலையைத் தாண்டிக்கொண்டிருந்தது, பார்க்கக் கரையில் அவர் இல்லை. பின்னால் திரும்பினேன். தட்டின் மூலையில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மூடியை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நான் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.