பூசையில் வைத்த மெஷின்

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தொண்ணூறுகளில் நான் வார்டு சிஸ்டராக இருந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஆயாம்மாக்கள் சொல்வார்கள். பொய்யில்லை. அவசர டிராலியை யாராவது நகர்த்தி வைத்தால் எனக்கு ஆகாது. மூச்சுத் திணறுகிறவன் முன்னால் நின்றுகொண்டு டிராலியைத் தேடுகிற ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டுவதே மேல் என்பது என் கட்சி. காலையில் வந்ததும் ஊசி மருந்துகளைப் பார்ப்பேன், சக்‌ஷன் மெஷினை ஓட்டிப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் டீ.

தொண்டையில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்கும் அந்த மெஷின் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் அதை நம்பி ஒருவர் படுத்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக் கொப்பரை வியாபாரி. பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. இருமித் துப்பவும் தெம்பில்லை. அவ்வப்போது நாங்கள் உறிஞ்சி எடுக்காவிட்டால் தன் சளியிலேயே மூழ்கிப்போவார். அவர் மனைவி கட்டிலை விட்டு நகராமல், மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்வார்.

ஆஸ்பத்திரி மேனேஜர் எங்கள் டாக்டருக்கு அண்ணன். முன்பு மோட்டார் பம்பு பட்டறை நடத்தியவர். அவருக்கு ஆஸ்பத்திரியும் ஒரு பட்டறைதான். ஆனால் நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

பூஜை அன்று மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முன் ஹாலில் எல்லாம் முடிந்திருந்தது. டிராலிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். மூச்சு கொடுக்கும் ரப்பர் பைக்குச் சந்தனம், குங்குமம். ஊசி மருந்துக் குப்பி ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு, அதுவும் குறிபார்த்து மருந்தின் பெயர் மேலேயே. வாந்தி பிடிக்கிற கிட்னி டிரேயில் சுண்டல். சக்‌ஷன் மெஷின் மாலை போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரைக் கற்பூரத்தின் மேல் ஊற்றினேன். கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "வேதக்காரப் புள்ளைங்க, அதுக்கென்னங்க தெரியும்," என்றது ஒரு குரல். கிறிஸ்தவப் பெண்ணான எனக்குப் பூஜை தெரியாதாம். எனக்கு ஆக்சிஜனைத் தெரியும், அது போதாதா?

"மெஷினை எடுத்துட்டுப் போறேனுங்க," என்றேன் மேனேஜரிடம்.

"பூசைல வெச்சாச்சுங்க சிஸ்டர். இனி நாளைக்குக் காலைல கலைச்சாத்தானுங்க. வருசம் பூரா ஒழைக்குது, ஒரு நாளு ஓய்வு வேண்டாமுங்களா? எங்க பட்டறை லேத்துக்கே பூசையன்னைக்கு லீவு உடுவமுங்க."

"நோவுக்கு லீவு உட்டுட்டீங்களாங்க?"

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. எடத்தை உட்டு அசைக்கப்படாது. அசைச்சா வருசம் பூரா மக்கர் பண்ணும்."

டாக்டரிடம் போனேன். அவர் அண்ணனைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். பொரியை மென்றுகொண்டே, "அண்ணன் சொன்னாக் கேட்டுக்கங்க சிஸ்டர்," என்றார்.

சாயங்காலம் வியாபாரியின் தொண்டை களகளவென்றது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலில் துணி சுற்றி முடிந்த மட்டும் சளியை எடுத்தேன். போதவில்லை. உதடு நீலம் பாரித்தது. "ஏதாச்சும் செய்யுங்க கண்ணு," என்று அந்தம்மா என் கையைப் பிடித்தார். எனக்குப் பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமும் கூடவே வந்துவிடும்.

மெஷின் இடத்தை விட்டு அசையக் கூடாது, அவ்வளவுதானே? கட்டிலோடு ஆளைத் தள்ளிக்கொண்டு நானும் அந்தம்மாவும் ஹாலுக்குள் நுழைந்தோம். ஒரு வாழைக்கன்று சாய்ந்தது, ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கியது. அலங்காரச் சீரியல் லைட்டைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மெஷின் வயரைச் சொருகினேன். மாலையோடே அது ஓடியது.

மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். "சிஸ்டர், மெஷினு..."

"எடத்தை உட்டு அசைக்கலீங்க. ஆளைத்தான் அசைச்சேன்."

அவர் மெஷின் நின்ற இடத்தைப் பார்த்தார். நீலமாகிக் கிடந்த உதட்டைப் பார்த்தார். பிறகு மாலையை அவரே கழற்றிவிட்டு, குனிந்து மெஷினுக்குக் காது கொடுத்தார். "சத்தம் நல்லா இருக்குதுங்க," என்றார், பம்பு விற்கிற குரலில்.

சளி வந்தது. உதட்டுக்கு நிறமும் வந்தது. காலை வரைக்கும் கட்டில் இங்கேதான் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் பூஜைக்கு வருகிற கூட்டம் நிற்கவில்லை. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். வாழைக்கன்றுகளுக்கு நடுவே சிலிண்டர், டிராலி, மெஷின், ஒரு மனிதர். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கை நிற்காமல் வியாபாரியின் நெற்றியிலும் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்துவிட்டார். அடுத்து வந்தவர்களுக்கு அதுவே முறையாகிவிட்டது. ஒருத்தி அவர் நெஞ்சின் மேல் பூவைப் போட்டுக் கும்பிட்டாள். வியாபாரி பாதி வாயால் சிரித்தார். வந்து சேர்ந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கூட்டம் போனதும் ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைக்கப் போனேன். அந்தம்மா என் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டுங்க கண்ணு. பூசைல வெச்சதை நாளைக்கு வரைக்கும் ஆரும் எடுக்கப்படாதுங்களே."

ஆரும் என்றது என்னை மட்டுமில்லை, எமனையும் சேர்த்துத்தான் என்பது எனக்குப் புரிந்தது. துணியை மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் குளித்துவிட்டு வந்து பூஜையைக் கலைத்தார். கலைக்கிற முறைப்படி மெஷினைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி, "இனி எடுத்துக்கலாமுங்க சிஸ்டர்," என்றார். அடுத்து கட்டிலை நகர்த்தக் கை வைத்தார். அந்தம்மா மறுபக்கம் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மெஷினை எடுத்துக்கங்க. இவரை மட்டும் இன்னும் ஒரு நாளு பூசைலயே உடுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் முழுக்கக் கத்திய அதே வாயால் நான் சொன்னேன்:

"இருக்கட்டுமுங்க. அசைச்சா மக்கர் பண்ணும்."