மெத்தென்று வந்த பைகள்

ஆழ்கடல் தரையிலிருந்து முதன்முதலாக மேலே வந்த கறுப்பு உருண்டைகளை நான் ஒரு வெள்ளைப் பனியன் துணிப் பையில்தான் போட்டுக் கட்டினேன். பார்ப்பதற்கு அவை சேற்றில் புரண்ட உருளைக்கிழங்குகள், அவ்வளவுதான். ஆனால் மாங்கனீசும் நிக்கலும் கோபால்ட்டும் படிந்து படிந்து அந்த அளவுக்கு வளர லட்சக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். இந்தியப் பெருங்கடலின் நடுவே, ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் அவை எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடிப் போன கப்பலில், மாதிரிகளுக்கு நான் பொறுப்பு. வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. அந்தப் பைகளைத் தைத்துக் கொடுத்தவர் திருப்பூரில் இருக்கும் எங்கள் நங்கையா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நங்கையா பன்னிரண்டு தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு ஒரு சின்ன யூனிட்டை ஒற்றை ஆளாக நடத்தினார். துணி வந்து இறங்கியதும் முதலில் புறங்கையால் தடவிப் பார்ப்பார். சொரசொரவென்று இருந்தால் முகம் சுண்டிப் போகும். "இதப் போட்டா புள்ளைங்களுக்கு ஒடம்பு அரிக்குமுங்க" என்று, துணியை அலசித் தரும் வாஷிங்காரரை ஒரு பிடி பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவரிடம் போய், "சாயம், சாஃப்ட்னர் எதுவும் வேண்டாங்க நங்கையா. எண்ணெய் போக வெந்நீரில் அலசினாப் போதும், துணி முரடா இருந்தாலும் பரவாயில்ல" என்று நான் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். உருண்டைகளில் ஒட்டி வரும் சேற்றில் சிலிக்கா எவ்வளவு என்று நாங்கள் அளப்போம், துணியை மெத்தென்று ஆக்கும் சாஃப்ட்னரிலும் அதே சிலிக்கான் இருக்கிறது, அது ஒட்டினால் கணக்கே கெட்டுவிடும் என்று விளக்கினேன். "சேத்துக்குத் துணி முரடா இருந்தா என்ன, மெத்துனு இருந்தா என்ன! செஞ்சு தர்றேன் கண்ணு" என்று சிரித்தார்.

கப்பல் கிளம்பிப் பத்தொன்பதாம் நாள். பதினோரு இடங்களில் மாதிரி எடுத்து முடித்திருந்தோம். சாயங்காலம் அரை மணி நேரம் எங்களுக்கு இணையம் கிடைக்கும். அன்று நங்கையாவின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது.

"கண்ணு, ஒரு தப்பு நடந்து போச்சு. மிச்சமிருந்த பையில பச்சப்பயிறு மொளக்கட்டலாம்னு தண்ணியில நனைச்சேன். தண்ணி ஊறவே இல்ல, முத்து முத்தா நிக்குது. வாஷிங்காரரக் கேட்டா, எப்பவும் போலச் சாஃப்ட்னர் போட்டுத்தான் உட்டேங்கறாரு. துணி வந்தன்னிக்கே நான் தடவிப் பாத்தேன் கண்ணு. மெத்துனு இருந்துச்சு. நல்லா வந்துருக்குதுன்னு சந்தோசப்பட்டேன் பாரு, எனக்கு ஒறைக்கவே இல்ல! அவர் மேல குத்தமில்ல, என் தப்புதான். உங்க கப்பல் பெரியவருகிட்டச் சொல்லிப்போடு. மறைச்சுப்போடாத."

பதினோரு இடங்கள்! ஒவ்வொன்றுக்கும் கருவியைக் கீழே இறக்கி மேலே ஏற்ற முக்கால் நாள் ஆகும். திரும்பிப் போய் எடுக்க நாளும் இல்லை, எரிபொருளும் இல்லை. சொன்னால் முதல் பொறுப்பே கடைசிப் பொறுப்பாகிவிடும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? கடலில் நாங்கள், திருப்பூரில் நங்கையா, நடுவில் என் கைபேசியில் ஒரு நிமிடக் குரல். அழித்துவிடு என்று மனம் அரித்தது. மறுநாள் காலையில் பன்னிரண்டாவது இடத்து உருண்டைகளையும் அதே பையில்தான் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போட்டேன். சாயங்காலம் அந்தக் குரலை மறுபடி கேட்டேன். "என் தப்புதான்" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து நேராகத் தலைமை விஞ்ஞானியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு மாதிரிகளையும் சிலிக்கா சோதனைக்கு ஆகாதவை என்று தனியே எழுதச் சொன்னார். மீதி இடங்களுக்குச் சமையலறையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி எடுத்துக்கொண்டோம். அவர் என்னைத் திட்டவில்லை. கரைக்குத் திரும்பிய பிறகு, அடுத்த பயணத்துக்குப் பைகளை வேறு ஊரில் வாங்கலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது மட்டும், "தப்பைத் தானாகச் சொல்கிற ஆளை விட்டுவிட்டு வேறு யாரைத் தேடப் போகிறீர்கள்?" என்று முடித்துவிட்டார்.

அதைச் சொல்லத் திருப்பூருக்குப் போனேன். நங்கையா நம்பவில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டு, துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புது ஆர்டருக்கு வாஷிங் பட்டறையில் மெஷின் பக்கத்திலேயே ஒரு பகல் முழுக்க நின்று, அலசிய துணியைச் சாஃப்ட்னர் படாமல் சொட்டச் சொட்டக் கையோடு வாங்கி வந்தார். இன்றுவரை எங்கள் பைகள் அவரிடம்தான் தைக்கப்படுகின்றன. என் வேலையில் நான் பார்த்த பெரிய படிப்புக்காரர்கள் யாரையும் நான் அவருக்கு மேலாக வைத்ததில்லை.

நான் திருப்பூருக்குப் போன அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னதுமே சொல்லிப்போட்டியல்ல கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்க நங்கையா" என்றேன்.

இதை அவர் படிப்பார். இல்லீங்க நங்கையா. ஒரு நாள் முழுக்கச் சொல்லலீங்க. அது என் தப்புதான்.