பாங்கு வாசலில் காவலுக்கு இருந்தவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அவருடைய வேலைக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாதே என்ற பயம். இதற்குள் அவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார்.

எழுபதுகளில் நான் கொரட்டூரில் வாடகை வண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சொந்த வண்டி வாங்கப் பாங்கில் கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முதலில் கணக்குத் தொடங்க வேண்டும். அங்கே ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், "இவரைத் தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் யாருக்குக் கணக்கு இருந்தது?

பாங்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றேன். அங்கே காவலுக்கு இருந்தவருக்கு நரைத்த மீசை, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. என்னைப் போல வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான். "செருப்பப் போட்டுக்கினு உள்ள போ நைனா. இது இன்னா கோயிலா?"

என் சங்கடத்தைச் சொன்னேன். தனக்கும் அங்கே கணக்கு இருக்கிறதென்று சொல்லி, அவரே உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார். "இவரைத் தெரியுமா?" என்று மானேஜர் கேட்டார். "நல்லா தெரியும் சார்."

வெளியே வந்ததும், "எனக்காகப் பொய் சொல்லிட்டியே அண்ணாத்தே, மனசு உறுத்துது" என்றேன்.

"மூணு நாளா வாசல் வரிக்கும் வந்து திரும்பிப் போனியே, பாத்துக்கினுதான் இருந்தேன். ஏமாத்துறவன் மொத நாளே உள்ள பூந்திருப்பான்" என்று சிரித்தார்.

வண்டி வாங்கினேன். கடைசித் தவணை கட்டிய அன்று அவர் பேருக்கு அர்ச்சனை செய்ய முருகன் கோயிலுக்குப் போனேன். குருக்கள் பேர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் அவருக்கு ஒரு பேர் வைத்தோ, அவரைச் சாமியாக்கியோ சொல்ல வேண்டாம்.